எதிர்வீட்டைச் சின்னதாகச் செய்தேன்

ஒரு பெண்ணின் கல்யாணப் பேச்சு என்னால் நின்றுபோனது. நான் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லிவிடாதே என்று அவள் அம்மா கேட்டுக்கொண்டதைக் கடைசிவரை காப்பாற்றினேன். வாய் காப்பாற்றியதை என் கை சொல்லிவிட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். பம்பாய் தாராவியில் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தவள் நான். நீளமாக எழுதிப் பழக்கமில்லை. நீளமாகப் பேசியும் பழக்கமில்லை.

முதலில் என் கைவேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் விரல் உயர ஆட்கள் குடியிருக்கிற மாதிரி வீடுகள் செய்கிறவள். பழப்பெட்டிப் பலகையில் முன்பக்கச் சுவர் இல்லாமல் ஒரு அறை. அதற்குள் அடுப்பு, குடம், பாய், கடிகாரம், கொடியில் காயும் துணி. பொம்மை வைக்க மாட்டேன். ஆள் இல்லாத வீடுதான் எனக்குப் பிடிக்கும். இப்போதுதான் யாரோ தண்ணீர் பிடிக்க வெளியே போன மாதிரி இருக்க வேண்டும். அளவுக்கு ஸ்கேல் கிடையாது. ஒரு ஆளின் உயரம் என் ஆள்காட்டி விரல் என்று வைத்துக்கொண்டேன். கதவு விரலைவிடக் கொஞ்சம் அதிகம். அடுப்பு மேடை விரலில் பாதிக்கு மேல். அந்தக் கணக்கிலேயே எல்லாம் வந்துவிடும்.

வீட்டுக்காரர் இறந்துபோன பிறகு மகன் என்னைச் செம்பூர் பக்கம் திலக் நகருக்குக் கூட்டிவந்தான். ஏழாவது மாடி. தாராவியில் இருந்தவரை சட்டைக் கம்பெனிகளுக்குப் பொத்தானும் கொக்கியும் தைத்துக் கொடுத்த கை இது. இங்கே வந்ததும் அதற்கு வேலை இல்லை. கண் ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம் சொட்டு மருந்து விட்டார்கள். காலியான குப்பிகளின் நீல மூடியைத் தூக்கிப்போட மனசில்லை. ஜன்னல் விளிம்பில் ஒன்றை நிமிர்த்தி வைத்துப் பார்த்தேன். வாசலில் வைக்கிற நீலத் தண்ணீர் டிரம் அப்படியே இருந்தது. டிரம் இருந்தால் தண்ணீர் மொள்ளப் பக்கத்தில் மக்கு வேண்டுமே. பேனா மூடியின் நுனியை வெட்டி மக்கு செய்தேன். மக்கு இருந்தால் அதை வைக்கக் கல் வேண்டும். அப்படித்தான் ஆரம்பம். மாத்திரை அட்டையின் வெள்ளித்தாளில் பாத்திரம், தீக்குச்சியில் பரணுக்கு ஏணி, உதட்டுச்சாயக் குப்பியில் சிவப்புப் பெயிண்ட் அடித்து கேஸ் சிலிண்டர். ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து ஒரு விளக்குமாறு கட்டினால் அன்றைக்கு எனக்குச் சோறு இரண்டு கவளம் கூடுதலாக இறங்கும்.

இதை நான் யாருக்கும் காட்டவில்லை. வெட்கம். காட்டிக் கொடுத்தவள் என் எதிர்வீட்டுக்காரி.

தாராவியில் அவள் வாசலும் என் வாசலும் எதிரெதிரே. நடுவில் இருந்த சந்து, அங்கே கல்லி என்பார்கள், எவ்வளவு அகலம் என்றால், அவள் கதவைத் திறந்தால் நான் என் கதவைச் சாத்த வேண்டும். முப்பது வருஷம் அப்படி மாறி மாறித் திறந்து சாத்தியிருக்கிறோம். என்னைவிட எட்டு வயது இளையவள். பேச்சு முழுக்க அவளுடையது, கேட்பது என் வேலை. நான் செம்பூர் பக்கம் வந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பஸ் பிடித்து வந்துவிடுவாள். அப்படி ஒரு நாள் கட்டிலுக்கு அடியில் பெட்டியைப் பார்த்துவிட்டு வெளியே இழுத்தாள்.

“என்னக்கா, இந்த வயசுல சின்ன வீடு வச்சிருக்க? மேல போன அத்தானுக்குத் தெரியுமா?”

அடுப்படியில் இருந்து மருமகள் சிரிப்பது கேட்டது. எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

“உள்ள தள்ளுளா. யாராவது பாத்தா கிறுக்கின்னு நெனப்பாவ.”

“யாரு நெனைக்கா? ஐயோ, பர்னர்ல ஓட்டையெல்லாம் போட்டிருக்கா பாரு! எதாலக்கா போட்ட?”

“ஊசியால.”

“நல்லா இருப்ப. இதுல எனக்கொரு காப்பி போட்டுத் தா.”

அன்றைக்கே உட்கார்ந்து எனக்கு ஒரு குடம் செய்து கொடுத்தாள். சாக்லேட் தாளைப் பட்டாணியில் சுற்றி, கழுத்தை நூலால் கட்டி, பட்டாணியை உருவி எடுப்பது அவள் கண்டுபிடித்த வழி. முதல் குடம் நேர்க்குழாயாக வந்தது. “இடுப்பே இல்ல, என்னய மாதிரியே இருக்கு” என்றாள். அதற்குப் பிறகு பாத்திரம் எல்லாம் அவள் பொறுப்பு. பொரித்த அப்பளத்தை மடியில் வைத்துத் தின்றுகொண்டே செய்வாள், எண்ணெய்க் கை பட்டு வெள்ளித்தாள் வழுக்கும், நான் ஏசுவேன். என் வாழ்க்கையில் நான் வாய்விட்டு ஏசியது அவளை மட்டும்தான்.

தாராவியை இடித்துக் கட்டுவதற்காக அவர்கள் கல்லியில் அளக்க ஆள் வந்துபோன வாரம் அவள் சொன்னாள்: “நம்ம வரிசைக்கும் நம்பர் போட்டுட்டுப் போயிட்டானுவ. என்னைக்கு இடிப்பான்னு தெரியாது. எக்கா, நீ என் வீட்ட செஞ்சு வச்சிரு. ஃபோட்டோல எல்லாம் எங்க மூஞ்சிதான் இருக்கு, வீட்டக் காணோம்.”

மூன்று ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே போனேன். அந்த அறையை நான் அளக்கத் தேவையே இல்லை. கண்ணை மூடினால் எனக்குத் தெரியும். போனது அவளோடு உட்காரத்தான்.

இந்த நேரத்தில்தான் சம்பந்தப் பேச்சு வந்தது. எங்கள் கட்டிடத்தின் பக்கத்து விங்கில் ஒரு அம்மா இருந்தார். அவர்களும் எங்களைப் போலத் திருநெல்வேலிப் பக்கம்தான். இரண்டு தலைமுறையாக பம்பாய். மகன் பேங்கில் வேலை. லிஃப்டில் ஒரு நாள், “உங்களுக்குத் தெரிஞ்சு நல்ல பொண்ணு இருந்தா சொல்லுங்கக்கா” என்றார். வாயே திறக்காத நான் அன்றைக்குத் திறந்தேன். என் எதிர்வீட்டுக்காரியின் மகள் தாதரில் ஒரு ஆஸ்பத்திரியில் பில் போடும் வேலையில் இருந்தாள். நான் தூக்கி வளர்த்தவள். ஜாதகம் பொருந்தியது. மாட்டுங்காவில் ஒரு ஹோட்டலில் இரண்டு வீட்டாரும் தோசை சாப்பிட்டபடி பெண் பார்த்தார்கள். பையனுக்குப் பிடித்துவிட்டது. இரண்டு பேரும் ஃபோனில் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

அந்தப் பெண்ணுக்குப் பத்து வயதில் வலிப்பு வந்தது. காலேஜ் வரைக்கும் எப்போதாவது வரும். பிறகு மாத்திரையில் நின்றுவிட்டது. அதற்கு அப்புறம் ஒரு தடவைகூட இல்லை. இதை மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லியிருக்கவில்லை.

“நின்னு எட்டு வருஷமாச்சி” என்றாள் அவள் அம்மா. “டாக்டரே மாத்திரையக் கொறச்சிட்டாரு. நிச்சயம் முடியட்டும், நானே பக்குவமா எடுத்துச் சொல்லுதேன். நீ வாயத் தொறந்திராதக்கா.”

“நான் என்னைக்குளா வாயத் தொறந்தேன்?”

“அதுவும் சரிதான். உன்னய நம்பிக் கொலையே பண்ணலாம்.”

தை மாதம் எங்கள் கட்டிடத்துச் சொசைட்டி ஹாலில் ஹல்தி குங்கு வைப்பார்கள். மராத்திப் பெண்கள் வழக்கம். சுமங்கலிகளைக் கூப்பிட்டு மஞ்சள் குங்குமம் வைத்து, எள்ளுருண்டை கொடுத்து, கையில் ஒரு சாமானும் கொடுத்து அனுப்புவார்கள். நான் போனதே இல்லை. கூப்பிட்டாலும் போகிற நிலையில் இல்லை. அந்த வருஷம் செக்ரட்டரியின் மனைவி வீட்டுக்கே வந்துவிட்டார். மருமகள் அவருக்கு ஃபோனில் என் வீடுகளைக் காட்டியிருக்கிறாள்.

“மாவஷி, ஒரு டேபிள் உங்களுக்கு. எல்லாத்தையும் கொண்டாந்து வைங்க” என்றார் ஹிந்தியில். மருமகள் எனக்குத் தமிழில் மறுபடி சொன்னாள், எனக்கு ஹிந்தி தெரியாது என்கிற மாதிரி.

“குங்குமம் வைக்கிற இடத்துல நான் எதுக்கு?”

“இப்ப யாரும் அதெல்லாம் பார்க்கிறதில்ல மாவஷி.”

எனக்குப் பயமாகவும் இருந்தது, ஆசையாகவும் இருந்தது. ஆசை என்றுதான் சொல்ல வேண்டும். நாலு வீடு முடிந்திருந்தது. நாலாவது அவளுடையது. அதில் இன்னும் ஏதோ குறைந்தது. ஒரு வாரம் தினமும் மத்தியானம் அதன் முன்னால் உட்கார்ந்து பார்த்தேன். அடுப்பு இருக்கிறது, பரண் இருக்கிறது, சாமி படம், காலண்டர், டிவி, பெட்டி, சுருட்டிய பாய். என்ன இல்லை? கண்ணை மூடிக் கதவிலிருந்து வலது பக்கமாகச் சுவரைத் தடவிக்கொண்டே போனேன். பரணுக்குக் கீழே, பெண் படுக்கிற பாயின் தலைமாட்டில் ஒரு ஆணி. ஆணியில் பழைய இரும்புச் சாவிக்கொத்து.

வலிப்பு வந்தால் கையில் இரும்பைக் கொடுப்பது எங்கள் ஆட்களிடம் இன்னும் உண்டு. அதனால் ஒன்றும் ஆகாது என்று டாக்டர் சொல்லித்தான் இருந்தார். ஆனாலும் பதினைந்து வருஷமாக அந்தக் கொத்து அங்கே தொங்கியது. எடுத்தால் திரும்ப வந்துவிடுமோ என்று அவளுக்குப் பயம். எனக்கோ பார்த்துப் பார்த்து அது கடிகாரம் மாதிரி, காலண்டர் மாதிரி, சுவரில் இருக்கிற ஒரு சாமானாகிவிட்டது. ஊக்குக் கம்பியை வளைத்து வளையம் செய்தேன். டப்பாத் தகரத்தை நகவெட்டியால் நறுக்கி மூன்று சாவி. ஒவ்வொன்றுக்கும் பல் வெட்டினேன். அரிசியின் நீளம்தான் இருக்கும். பசையில் ஒட்டி ஆணியில் மாட்டியதும் அந்த அறை அவள் அறையாகிவிட்டது. அவளிடம் சொல்லவில்லை. ஹாலில் பார்த்து ஆச்சரியப்படட்டும் என்று இருந்தேன்.

அந்தச் சாவி எதற்கு என்று நான் ஒரு நிமிஷம் நினைத்திருந்தால் போதும். நினைக்கவில்லை. எப்படிச் செய்வது என்று மட்டும் நினைத்தேன்.

ஹாலில் அவ்வளவு கூட்டம். என் டேபிளைச் சுற்றிப் பெண்கள். “கிதி சுந்தர், ஆஜி!”, எவ்வளவு அழகு பாட்டி, என்று கன்னத்தைத் தொடுகிறார்கள், ஃபோனில் படம் எடுக்கிறார்கள், விளக்குமாறு எதில் செய்தது என்று கேட்கிறார்கள். ஒரு குஜராத்திப் பெண் தன் மாமியார் வீட்டுச் சமையலறையைச் செய்து தர முடியுமா என்றாள். இன்னொருத்தி, சொல்லிக்கொடுங்கள், நானும் செய்கிறேன் என்றாள். எனக்கு முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்பதைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அன்றைக்கு மாதிரி நான் சந்தோஷப்பட்டது கிடையாது. செக்ரட்டரியின் மனைவி வீட்டிலிருந்து பேப்பர் படிக்கிற பூதக்கண்ணாடியைக் கொண்டுவந்து டேபிளில் வைத்தார்.

எதிர்வீட்டுக்காரியும் வந்திருந்தாள், பட்டுச் சேலையில், மாப்பிள்ளையின் அம்மாவோடு கைகோத்துக்கொண்டு. மாப்பிள்ளையின் அம்மா தாராவி வீட்டுக்குப் போனதே இல்லை. அதனால் ஆசையாக நாற்காலி இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

“இதான் உங்க வீடா மதினி?”

“எங்க வீடேதான். சின்னதுதான். ஆனா பாத்துக்கிடுங்க, ஒரு தூசி இருக்காது.”

“தூசி எங்க இருக்கும்? மூச்சு விட்டாலே பறந்துருமே!”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் பூதக்கண்ணாடியை எடுத்தார்.

“படிக்க மேசை எங்க?”

“அந்தப் பெட்டி மேலதான் படிச்சா. பெட்டி நெளிஞ்சி போச்சி படிச்சிப் படிச்சி.”

“படுக்கிறது?”

“பரணுக்குக் கீழ. அந்தா, அந்தப் பாய்.”

கண்ணாடி அங்கே போய் நின்றது.

“தலைமாட்டுல என்ன இது, சாவிக்கொத்தா?”

அந்த நிமிஷம்கூட எனக்குப் பெருமைதான். கண்ணாடி அதைக் கண்டுபிடித்துவிட்டது என்று பெருமை.

“பெட்டியில பூட்டு இல்ல. கதவு அந்தப் பக்கம் இருக்கு. இங்க எதுக்கு இரும்பு?” குரல் தணிந்துவிட்டது. “யாருக்கு மதினி?”

அவள் குனிந்து பார்த்தாள். முதல் தடவையாகப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. “அது சும்மா...” என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். கோபமாக இல்லை. நீ சொல்லு என்கிற பார்வை. செய்தவள் நான். நான்தான் ஏதாவது சொல்லலாம். “அது அழகுக்கு நானா மாட்டினது, அவங்க வீட்டுல அப்படி ஒண்ணும் கிடையாது.” இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. இப்போது எழுதும்போது எத்தனை சுலபமாக வருகிறது. அன்றைக்கு வரவில்லை. நான் கையை நீட்டி, நன்றாக இருந்த ஒரு குடத்தை எடுத்துத் திருப்பி அதே இடத்தில் வைத்தேன்.

அங்கே எள்ளுருண்டை கொடுக்கக் கூப்பிட்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா பூதக்கண்ணாடியை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார். அவளும் என்னைப் பார்க்காமல் பின்னாலேயே போனாள்.

இரண்டு நாள் கழித்து, ஜாதகத்தை இன்னொரு இடத்தில் காட்ட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. லிஃப்டில் அந்த அம்மாவும் நானும் நின்றால் அவர் மாடி நம்பரையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அவள் வரும் ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. அடுத்ததும் வரவில்லை. மூன்றாவதற்கு நானே போனேன். கதவு திறந்துதான் இருந்தது.

“வாங்க” என்றாள்.

முப்பது வருஷத்தில் அவள் என்னை ‘வாங்க’ என்று சொன்னதில்லை. நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அந்த வீட்டில் நான் தரையில் தவிர எங்கே உட்கார்ந்தேன்? காப்பியை டம்ளருக்கு அடியில் தட்டு வைத்துக் கொண்டுவந்தாள். தலைமாட்டில் ஆணி மட்டும் இருந்தது.

“ஏளா, நான் வேணும்னு செய்யல.”

“தெரியும். நீங்க வேணும்னு செய்யுற ஆளு இல்ல.”

“ஏசவாவது செய்யேன்.”

“உங்கள எதுக்கு ஏசப் போறேன்? காப்பி ஆறுது, குடிங்க.”

“உன் வீட்ட கொண்டாந்து தந்திருதேன். நீதான கேட்ட.”

“இங்க வைக்க இடமில்ல. நீங்களே வச்சிக்கிடுங்க.”

பஸ் ஸ்டாப் வரை மகள் கூட வந்தாள். ரோட்டில் தண்ணீர் லாரி நின்று ஒரே கூச்சல். அதைத் தாண்டியதும் பேசினாள்.

“பெரியம்மா, அம்மா நிச்சயத்துக்கு அப்புறம் சொல்லலாம்னு இருந்தா. எனக்கு அது பிடிக்கல. நான் அவர்கிட்ட நேராச் சொல்லப் போறதா இருந்தேன். அந்த வாரம் தாதர்ல மீட் பண்றதாப் பேச்சு.”

நான் கேட்டேன்: “அவன் என்ன சொல்லியிருப்பான்?”

“க்யா மாலூம், யாருக்குத் தெரியும். சரின்னு சொல்லியிருக்கலாம், வேண்டாம்னும் சொல்லியிருக்கலாம். ஆனா என்னைப் பாத்துச் சொல்லியிருப்பாரு. இப்ப அவங்க அம்மா சொல்லித் தெரியும். எப்படிச் சொல்லியிருப்பாங்க? மறைச்சாங்கன்னுதானே? நான் மறைக்கவே இல்ல பெரியம்மா. எனக்கு ஒரு வாரம் கிடைக்கல, அவ்வளவுதான்.”

“என் மேல கோவமா இருக்கியாம்மா?”

“இல்ல. பஸ் வருது, ஏறுங்க.”

அதுவரைக்கும் ஹாலில் வாயை மூடிக்கொண்டு நின்றதுதான் என் தப்பு என்று நினைத்திருந்தேன். ஒரு பொய் சொல்லத் தைரியமில்லாமல் போனதே என்று. அந்தப் பெண் பேசிய பிறகு அப்படி நினைக்க முடியவில்லை. பொய் சொல்லியிருந்தாலும் அது அவளுக்குப் பதிலாக நான் பேசியதுதான். அந்த அறையில் எதைக் காட்டலாம், எதை வேண்டாம் என்பது அவர்கள் சொல்ல வேண்டியது. நான் கேட்கவே இல்லை. எல்லாம் எனக்குத் தெரியும் என்று கண்ணை மூடிக்கொண்டு செய்தேன்.

வீடு செய்வதை விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். விட விடவில்லை. கட்டிடத்துப் பெண்கள் நாலைந்து பேர் இப்போது சனிக்கிழமை மத்தியானம் வருகிறார்கள். கத்தரிக்கோல், பசை, காலி மாத்திரை அட்டை எல்லாம் அவர்களே கொண்டுவருகிறார்கள். குஜராத்திப் பெண் ரொட்டி தேய்க்கும் கட்டை செய்வதில் என்னை மிஞ்சிவிட்டாள். யார் வீட்டைச் செய்தாலும் நான் முதலில் ஒன்று கேட்கிறேன்: எதை வைக்கக் கூடாது? சிலர் சிரிக்கிறார்கள். சிலர் யோசிக்கிறார்கள். ஒருத்தி பசைக் குப்பியை மூடி வைத்துவிட்டு, “ஜன்னல் பக்கத்து நாற்காலி வேண்டாம்” என்றாள். சரி என்றேன். அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறோம். பாத்திரம் செய்ய மட்டும் யாருக்கும் சரியாக வரவில்லை. நானும் பட்டாணி வழியைச் சொல்லிக்கொடுக்கவில்லை. அது என்னுடையது இல்லை.

மழைக்கு முன்னால் தாராவியில் அவள் கல்லியை இடிக்கக் காலி செய்யவைத்துவிட்டார்கள். அவள் குடும்பம் விக்ரோலியில் வாடகைக்குப் போய்விட்டதாக அந்தப் பக்கத்து ஆட்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஃபோன் பண்ணினால் எடுக்கிறாள். “சொல்லுங்க” என்கிறாள். சௌகரியம் கேட்கிறாள், மருமகளைக் கேட்கிறாள். மகளுக்கு வேறு இடம் பார்க்கிறீர்களா என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. புது வீடு எப்படி இருக்கிறது என்று ஒரு தடவை கேட்டேன்.

“இருக்கு” என்றாள்.

எத்தனை ஜன்னல், அடுப்பு எந்த மூலையில், வாசல் எதைப் பார்த்து இருக்கிறது, ஒன்றும் சொல்லவில்லை. வாங்களேன் என்றும் சொல்லவில்லை. நானும் வரட்டுமா என்று கேட்கவில்லை.